ரிசர்வ் கோல்கீப்பர்: இங்கிலாந்து கால்பந்தின் பெஞ்ச் வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரீமியர் லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ரிசர்வ் கோல்கீப்பர்களைத் தெரிந்திருக்கும். பெஞ்சில் தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்திருப்பார்கள், கோல் விழுந்தால் முதல் ஆளாகத் துள்ளி எழுவார்கள், கோப்பையோடு எடுக்கும் படத்தில் ஓரமாக நிற்பார்கள். இவர்களைப் பற்றி நண்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு கிளப்பில் எத்தனை கோல்கீப்பர்கள் இருப்பார்கள்?

பெரிய கிளப்பாக இருந்தால் முதல் அணியில் பெரும்பாலும் மூன்று பேர். அதற்குக் கீழே இளைஞர் அணிகளில் இன்னும் சிலர். முதலாமவர் லீக் ஆட்டங்களில் இறங்குவார். இரண்டாமவர் பெஞ்சில் இருப்பார், லீக்குக்கு வெளியே நடக்கும் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை போன்ற தொடர்களின் ஆட்டங்கள் கிடைத்தால் ஆடுவார். மூன்றாமவர் பயிற்சியில் மட்டும்தான் வியர்வை சிந்துவார்.

இரண்டாமவரையும் மூன்றாமவரையும் பலர் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு உத்தியோகம் என்பது என் கருத்து. மூன்றாவது இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர், விளையாட வாய்ப்பில்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறவர். பாவம் இரண்டாமவர்தான். அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். இன்னொரு கிளப்புக்குப் போனால் வாராவாரம் ஆடலாம் என்று தெரியும். இங்கேயே இருந்தால் பெரிய அணியில் இடம் கிடைக்கலாம் என்ற நப்பாசையும் இருக்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

முன்கள வீரர் மாதிரி இவரையும் கடைசி இருபது நிமிடம் இறக்கினால் என்ன?

இறக்க மாட்டார்கள். முன்கள வீரர் களைத்துப் போவார், ஆட்டத்தின் போக்கை மாற்றப் புதிய கால்கள் வேண்டியிருக்கும். கோல்கீப்பர் அப்படிக் களைப்பதில்லை. அவர் முப்பத்தெட்டு லீக் ஆட்டத்தையும் முழுதாக ஆடிவிட முடியும். காயம், சிவப்பு அட்டை, ஃபார்ம் இழப்பு, அல்லது லீக் ஏற்கெனவே முடிவாகிவிட்ட கடைசி வாரம்: இவை தவிர லீக்கில் கதவு திறக்காது. ஆக, ரிசர்வ் கோல்கீப்பரின் நல்ல நேரம் என்பது பக்கத்தில் இருக்கும் நண்பரின் கெட்ட நேரம். இருவரும் தினமும் ஒன்றாகத்தான் பயிற்சி செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பெஞ்சில் கோல்கீப்பர் வைக்கும் வழக்கம் எப்போது வந்தது?

ரொம்பத் தாமதமாகத்தான். 1965-ஆம் ஆண்டு வரை இங்கிலாந்து லீக்கில் மாற்று வீரரே கிடையாது. 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் கடைசிவரை நின்றார் என்பதை வீரக்கதையாகச் சொல்வார்கள். வீரம்தான். ஆனால் அவருக்குப் பதிலாக இறக்க ஆளில்லை என்பதும் உண்மை. அடுத்த ஆண்டே மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட், இறுதியாட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் கன்ன எலும்பு உடைந்து வெளியேறினார். தடுப்பாட்டக்காரர் ஜாக்கி பிளான்ச்ஃபிளவர் கோலுக்குள் நின்றார். ஆஸ்டன் வில்லா 2–1 என்று வென்றது.

பிறகு ஒரு மாற்று வீரர், அப்புறம் இருவர் என்று விதி தளர்ந்தது. அந்த ஒன்றிரண்டு இடத்தைக் கோல்கீப்பருக்குக் கொடுக்க எந்த மேலாளருக்கும் மனம் வராது. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது பெஞ்சில் மூன்று பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர் என்று ஏற்பாடு செய்தார்கள். இன்று நாம் பார்க்கும் பெஞ்ச் கோல்கீப்பர் உண்மையில் அப்போது பிறந்தவர்தான். அதற்கு முன்னால் இரண்டாவது கோல்கீப்பரின் சனிக்கிழமை ரிசர்வ் அணிகளின் லீக்கில், காலி இருக்கைகளுக்கு முன்னால் கழிந்தது.

இப்போது பெஞ்சில் ஒன்பது பேர் வரை உட்காரலாம். அப்படியும் ஒரு கோல்கீப்பர் போதாத நாள் வரும். 2006 அக்டோபர் 14, ரெடிங் மைதானம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக்கின் மண்டையில் எதிரணி வீரரின் முழங்கால் பட்டு எலும்பு முறிந்தது. கார்லோ குடிச்சினி வந்தார். கடைசி நேரத்தில் அவரும் மோதலில் நினைவிழந்தார். கேப்டன் ஜான் டெர்ரி கோல்கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்று 1–0 வெற்றியைக் காப்பாற்றினார். நான்கு நாள் கழித்து, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனா வருகிறது. அதுவரை பெயரே யாருக்கும் பழகாத மூன்றாவது கோல்கீப்பர் இலாரியோ இறங்கினார். செல்சி அதையும் 1–0 என்று வென்றது. மூன்று கோல்கீப்பருக்கு எதற்குத் தண்டச் சம்பளம் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு வாரமே பதில்.

கோப்பை ஆட்டங்களை ரிசர்வ் கோல்கீப்பருக்கே கொடுப்பது ஏன்?

அது எழுதப்படாத ஓர் உடன்பாடு. "லீக் அவருக்கு, லீக் கோப்பை உனக்கு" என்று சொல்லித்தான் நல்ல இரண்டாமவரைத் தக்க வைக்க முடியும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அணி இறுதியாட்டம் வரை போய்விட்டால் வாக்கைக் காப்பாற்றுவதா, வலுவான ஆளை இறக்குவதா?

2016 லீக் கோப்பை இறுதியாட்டத்துக்கு மான்செஸ்டர் சிட்டி மேலாளர் மானுவல் பெலெக்ரினி, இங்கிலாந்தின் முதல் கோல்கீப்பர் ஜோ ஹார்ட்டை உட்காரவைத்து வில்லி கபாயெரோவை இறக்கினார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் செல்சியிடம் எஃப்.ஏ. கோப்பையில் ஐந்து கோல் வாங்கியிருந்தார் கபாயெரோ. வாக்கு தவறியிருந்தாலும் பெலெக்ரினியை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லிவர்பூலுடனான ஆட்டம் பெனால்டிக்குப் போனது. லூக்காஸ், கொட்டினியோ, லல்லானா என்று வரிசையாக மூன்று பேரின் உதையைக் கபாயெரோ தடுத்தார். கோப்பை சிட்டிக்கு.

2022 லீக் கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூல் மேலாளர் யூர்கன் கிளாப் அதே போல அலிசனை விட்டுக் குவீவீன் கெலஹரை நிறுத்தினார். எதிரே செல்சி. அங்கே வேறு கணக்கு. ஆட்டம் முழுக்க அருமையாக ஆடிய எட்வார்ட் மெண்டியைக் கூடுதல் நேரத்தின் கடைசியில் வெளியே எடுத்து, பெனால்டிக்கென்றே கேப்பாவை இறக்கினார்கள். இரு பக்கமும் பத்துப் பேர் உதைத்து இருபதும் கோலானது. பதினோராவது ஆளாகக் கெலஹர் வந்து மேல் மூலையை நோக்கி அடித்தார், கோல். அடுத்து வந்த கேப்பா கம்பத்துக்கு மேலே வானத்தில் அடித்தார். சிறுவயதில் முன்கள வீரராக ஆடியவர் கெலஹர், அது கைகொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். கேப்பா பதினோரு உதையில் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை.

ஒரே கிளப்பில் இருபது வருடம் ரிசர்வாக இருந்தவர் உண்டா?

உண்டு, ஸ்டீவ் ஹார்ப்பர். எனக்குப் பிடித்த கதையும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

டர்ஹம் பகுதியின் ஈசிங்டனில் பிறந்தவர். சீஹம் ரெட் ஸ்டார் என்ற சிறு அணியிலிருந்து 1993-இல் நியூகாசில் யுனைடெட்டுக்கு வந்தார். முதல் அணிக்கு அவர் ஆட ஐந்து வருடம் ஆனது. அதற்குள் ஷே கிவன் வந்துவிட்டார். கிவனோ நியூகாசிலுக்காக 460-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய ஆள், அயர்லாந்தின் நம்பர் ஒன்று. ஹார்ப்பருக்கு அத்தி பூத்தாற்போல ஒரு வாய்ப்பு வரும். 1999 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கிவனை விட்டு இவரை நிறுத்தினார்கள். அன்று எதிரணி, மூன்று கோப்பைகளை அள்ளிக்கொண்டு போன அந்த மான்செஸ்டர் யுனைடெட். 2–0 தோல்வி.

இடையில் மற்ற கிளப்புகளுக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, போனார், திரும்பி வந்தார். கிவன் 2009 தொடக்கத்தில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போன பிறகுதான் இடம் காலியானது. அந்தப் பருவத்தின் முடிவில் நியூகாசில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பல வருடம் காத்திருந்து முதல் நாற்காலி கிடைக்கும்போது நாற்காலியே ஒரு படி கீழே இருந்தது. ஆனால் 2009–10 பருவத்தில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 21 லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. அணி முதலிடம் பிடித்து மேலே ஏறியது. அடுத்து டிம் க்ரூல் வளர்ந்து வந்தார், ஹார்ப்பர் மறுபடி பெஞ்சுக்கு.

இருபது வருடத்தில் மொத்தம் 199 ஆட்டங்கள். வருடத்துக்குச் சராசரி பத்து. 2013 செப்டம்பரில் அவருக்காக ஒரு பிரியாவிடை ஆட்டம் நடந்தது, ஏ.சி. மிலானின் பழைய நட்சத்திரங்கள் வந்தார்கள். அதைப் பார்க்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். முழுநேரக் கோல்கீப்பராக வாழ்ந்த பலருக்கு இது வாய்க்கவில்லை.

அவர் போயிருக்க வேண்டுமா? முப்பது வயதுக்குள் போயிருந்தால் நடுத்தர அணி ஒன்றில் நானூறு ஆட்டம் ஆடியிருக்கலாம். அந்த அளவு திறமை இருந்தது. இருந்தும் தங்கியதை என்னால் குறையாகப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது கோல்கீப்பரை வைத்திருப்பதால் கிளப்புக்கு என்ன லாபம்?

முதல் காரணம் பதிவு விதி. 2010 முதல் பிரீமியர் லீக் அணிகள் 25 பேர் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் உள்நாட்டில் வளர்ந்தவர்கள் என்ற கணக்கில் வராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதாவதற்குள் மூன்று வருடம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகி இருந்தவரே உள்நாட்டு ஆள். வெளிநாட்டு நட்சத்திரங்கள் நிறைந்த அணிக்கு, ஆடாமலேயே அந்தக் கணக்கை நிரப்பும் அனுபவசாலி ஆங்கிலேயக் கோல்கீப்பர் பெரிய உதவி. ஸ்காட் கார்சன், ராப் கிரீன், லீ கிராண்ட், ரிச்சர்ட் ரைட் எல்லோரும் பெரிய கிளப்புகளில் மூன்றாவது நாற்காலிக்கு வந்ததில் இதற்கும் பங்குண்டு.

இரண்டாவது காரணம் பயிற்சி மைதானம். அதைக் கீழே சொல்கிறேன்.

ரைட் 2012 முதல் நான்கு பருவம் மான்செஸ்டர் சிட்டியில் இருந்தார். ஆடிய ஆட்டம் பூஜ்யம். கிரீன் 2018–19 பருவம் முழுக்கச் செல்சியில் இருந்து ஒரு நிமிடமும் ஆடவில்லை. ஆனால் பாக்குவில் யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் போட்ட குதியாட்டத்தைப் பார்த்தால் அவர்தான் கோல் போட்டார் என்று தோன்றும். அதோடு ஓய்வும் அறிவித்தார். 2010 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகக் கையிலிருந்து நழுவவிட்ட பந்துக்காகத் தேசமே திட்டிய மனிதர் அவர். ஒரு கோப்பையைத் தூக்கிவிட்டுப் போகட்டுமே.

கார்சனின் கதை இன்னும் விசேஷம். 2005-இல் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது பத்தொன்பது வயதில் பெஞ்சில் இருந்தார். 2023-இல் சிட்டி வென்றபோதும் பெஞ்சில் இருந்தார். இரண்டு இறுதியாட்டமும் இஸ்தான்புல்லில், ஒரே மைதானத்தில். நடுவில் பதினெட்டு வருடம். சிட்டியில் இருந்த ஆறு வருடத்தில் மொத்தம் இரண்டு ஆட்டங்கள்: 2021 மே மாதம் நியூகாசிலுக்கு எதிராக ஒன்று, 2022-இல் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிராக மாற்று வீரராக ஒன்று. நியூகாசில் ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தடுத்தார். திரும்பி வந்த பந்தை ஜோ வில்லக் வலைக்குள் தள்ளிவிட்டார் என்பது வேறு விஷயம். சிட்டி 4–3 என்று வென்றது.

வாரம் முழுக்க இவர் என்னதான் செய்கிறார்?

முதலாமவரை விட அதிகமாகவே வேலை செய்கிறார் என்று சொல்லலாம். கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டு. மூவரும் அவரோடு தனியாகத் தொடங்குவார்கள். பிறகு முழு அணிப் பயிற்சி. அது முடிந்ததும் முன்கள வீரர்கள் "இன்னும் இருபது பந்து அடிக்கிறேன்" என்று நிற்பார்கள். சனிக்கிழமை ஆடவேண்டிய கோல்கீப்பரை அதற்கு நிறுத்தி விரலை உடைத்துக்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். கையுறையோடு நிற்பவர் இரண்டாமவர் அல்லது மூன்றாமவர்.

ஆட்ட நாளில் மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போனால் கவனியுங்கள். பயிற்சியாளரோடு சேர்ந்து பெஞ்ச் கோல்கீப்பர்தான் முதலாமவருக்குப் பந்து அடித்துக் கொடுப்பார். முதலில் கைக்கு நேராக மெதுவாக, பிறகு பக்கவாட்டில், பிறகு ஓரத்திலிருந்து உயரமான கிராஸ். அவர் மனம் தளராமல் நல்ல பந்தாகக் கொடுத்தால்தான் முதலாமவர் சூடாவார். தன் இடத்தில் இருப்பவரைத் தானே தயார்செய்து அனுப்பும் வேலை அது. முகத்தில் கசப்பைக் காட்டுகிற ஆள் அங்கே நீடிப்பதில்லை.

ஆடாதவருக்கு ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். மேலே சொன்ன ரிச்சர்ட் ரைட், எவர்ட்டனில் இருந்தபோது 2006-இல் செல்சி மைதானத்தில் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியிலேயே கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். எதன் மேல் விழுந்தார் தெரியுமா? "கோல் பகுதியில் பயிற்சி செய்யாதீர்கள்" என்று வைத்திருந்த பலகையின் மேல்.

ஆடாமலே பதக்கம் கிடைக்குமா?

கிளப் மனது வைத்தால் கிடைக்கும். பிரீமியர் லீக் வென்ற அணிக்கு 40 பதக்கங்கள் தருகிறார்கள். ஐந்து ஆட்டம் ஆடியவருக்கு உரிமையாகவே உண்டு, மீதியைக் கிளப் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். 2012–13 பருவத்துக்கு முன் இந்த வரம்பு பத்து ஆட்டமாக இருந்தது. கோல்கீப்பருக்குப் பத்து என்பது எட்டாக்கனி. 1998-இல் டேவிட் சீமன் காயம்பட்டபோது ஆர்சனலுக்காக இறங்கி, தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் கோலே விடாத அலெக்ஸ் மானிங்கர் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டம்தான். அவருக்குச் சிறப்பு அனுமதியோடு பதக்கம் கொடுத்தார்கள்.

2001–02 பருவத்தில் ஆர்சனல் சாம்பியன் ஆனபோது மூன்றாவது கோல்கீப்பர் ஸ்டூவர்ட் டெய்லர் ஒன்பது ஆட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். எவர்ட்டனுடனான கடைசி ஆட்டத்தில், முடிய சில நிமிடம் இருக்கும்போது, அவரை இறக்கிப் பத்தாக்கினார் ஆர்சென் வெங்கர். சீமன், ரிச்சர்ட் ரைட், டெய்லர் மூவருக்கும் பதக்கம். ஆமாம், அதே ரைட்தான்.

1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து வென்றபோது இறுதியாட்டம் ஆடிய பதினோரு பேருக்கு மட்டுமே பதக்கம். கார்டன் பேங்ஸுக்கு மாற்றாக இருந்த ரான் ஸ்ப்ரிங்கெட், பீட்டர் பொனெட்டி போன்றவர்களுக்கு 2009-இல்தான் கொடுத்தார்கள். 43 வருடம் கழித்து.

திடீரென்று இறங்குபவர் தடுமாற மாட்டாரா?

தடுமாறலாம், அதற்குப் பெரிய உதாரணம் அதே பொனெட்டி. 1970 உலகக் கோப்பை காலிறுதிக்கு முன் மெக்சிகோவில் பேங்ஸுக்கு வயிறு கெட்டுப்போனது. பொனெட்டி இறங்கினார். மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 2–0 என்று முன்னிலையில் இருந்த இங்கிலாந்து 3–2 என்று தோற்றது. செல்சிக்காக எழுநூறுக்கும் மேற்பட்ட ஆட்டம் ஆடிய அபாரமான கோல்கீப்பர் அவர். நாட்டுக்காக அதற்குப் பிறகு ஆடவே இல்லை. மாற்று வீரரை இறக்குவதற்காக வெளியே எடுக்கப்பட்ட பாபி சார்ல்டனையும், களைத்துப்போன தடுப்பாட்டத்தையும் விட்டுவிட்டு எல்லாப் பழியையும் பொனெட்டி தலையில் கட்டியது நியாயமே இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2024 மே 14, டாட்டன்ஹம் மைதானம். பட்டத்துக்கு ஆர்சனலும் சிட்டியும் முட்டி மோதுகின்றன. சிட்டி 1–0 முன்னிலை. மோதலில் காயம்பட்ட எடர்சன் வெளியேற, ஸ்டெஃபான் ஒர்ட்டேகா வந்தார். 86-ஆவது நிமிடம் சன் ஹியுங் மின் தன்னந்தனியாக ஓடிவருகிறார். தடுக்க யாருமில்லை. சன் அப்படிப்பட்ட வாய்ப்பை விடுகிற ஆள் இல்லை. ஒர்ட்டேகா அவசரப்பட்டு விழவில்லை. கடைசி நொடிவரை நின்று, உடம்பை அகட்டி, காலால் தடுத்தார். கோட்டுக்கு வெளியே நின்ற பெப் கார்டியோலா மல்லாக்க விழுந்தார். ஐந்து நிமிடத்தில் மறுமுனையில் பெனால்டி, 2–0. அந்தப் பருவத்தை சிட்டி இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

அட்ரியன் என்பவர் 2019 ஆகஸ்ட் 5 அன்று, கிளப் இல்லாமல் இருந்த நிலையில், லிவர்பூலில் சேர்ந்தார். நான்காம் நாள் அலிசனுக்குக் கெண்டைக்கால் காயம். ஒன்பதாம் நாள் யூரோப்பிய சூப்பர் கோப்பையில் செல்சியின் கடைசிப் பெனால்டியைத் தடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிராக அவர் தவறாக உதைத்த ஒரு பந்தால் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறும் வழி திறந்தது. இரண்டும் ஒரே ஆள்.

பெஞ்சிலிருந்து எழுந்து நட்சத்திரமானவர்?

எமிலியானோ மார்டினெஸ். 2010-இல் ஆர்சனலுக்கு வந்து, பத்து வருடம் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ராதரம், ரெடிங் என்று லோனிலேயே சுற்றினார். 2020 ஜூனில் பெர்ன்ட் லெனோவுக்குக் காயம். ஆறு வாரத்தில் மார்டினெஸ் கையில் எஃப்.ஏ. கோப்பை. அடுத்த மாதம் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். 2022-இல் அர்ஜென்டினாவோடு உலகக் கோப்பை, தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்கே.

பழைய காலத்தில் ஸ்டீவ் ஒக்ரிசோவிச். போலீஸ்காரராக இருந்து வந்தவர். லிவர்பூலில் ரே கிளெமென்ஸ் பின்னால் நான்கு லீக் ஆட்டம் மட்டுமே ஆடினார். பிறகு கவென்ட்ரியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டம், 1987 எஃப்.ஏ. கோப்பை.

கீழ் டிவிஷன்களில் ரிசர்வ் கோல்கீப்பர் வைத்துக்கொள்ளப் பணம் இருக்குமா?

பல அணிகளிடம் இருக்காது. பெரிய கிளப்புகளின் இளம் கோல்கீப்பர்களை லோனில் வாங்கிக்கொள்வார்கள். ஜோர்டன் பிக்ஃபோர்டு அப்படித்தான் டார்லிங்டன், அல்ஃப்ரிட்டன், பர்ட்டன், கார்லைல், பிராட்ஃபோர்டு, பிரெஸ்டன் என்று ஆறு ஊர்த் தண்ணீர் குடித்துவிட்டு சண்டர்லண்டுக்குத் திரும்பினார். எல்லோரும் காயம்பட்டால் ஏழு நாள் அவசர லோனுக்கும் விதியில் இடமுண்டு.

அவசர லோன் என்றாலே ஜிம்மி கிளாஸ் பெயர் வந்துவிடும். 1999-இல் ஸ்விண்டனில் இடமில்லாமல் இருந்தவரை, கோல்கீப்பரே இல்லாமல் தவித்த கார்லைல் சிறப்பு அனுமதியோடு வாங்கியது. மே 8, பருவத்தின் கடைசி ஆட்டம். வெல்லாவிட்டால் கார்லைல் லீக்கை விட்டே வெளியே. 1–1 என்ற நிலையில் காயநேரத்தில் கார்னர். கிளாஸ் தன் கோலை விட்டு எதிர்முனைக்கு ஓடினார். கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்து அவர் வலது காலுக்கே வந்தது, உள்ளே அடித்தார். கார்லைல் பிழைத்தது, ஸ்கார்பரோ இறங்கியது. கார்லைலுக்காக அவர் ஆடியது மூன்றே ஆட்டங்கள். பின்னாளில் டாக்ஸி ஓட்டினார்.

ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து பை (pie, மாவுக்குள் இறைச்சி போன்றவற்றை வைத்துச் சுடும் பண்டம்) சாப்பிட்டு மாட்டிக்கொண்டாராமே?

ஆமாம், வெய்ன் ஷா. 2017 பிப்ரவரியில் சட்டன் யுனைடெட் என்ற சிறு கிளப் ஆர்சனலோடு எஃப்.ஏ. கோப்பையில் மோதியது. 45 வயது ரிசர்வ் கோல்கீப்பர் ஷா, மாற்று வீரர்கள் எல்லாம் இறங்கிவிட்ட பிறகு தொலைக்காட்சிக் கேமரா முன் பை சாப்பிட்டார். அவர் சாப்பிடுவார் என்று ஒரு பந்தய நிறுவனம் 8-க்கு 1 விகிதம் அறிவித்திருந்தது அப்புறம்தான் பேச்சானது. கிளப்பை விட்டு விலக வேண்டி வந்தது. கால்பந்துச் சங்கம் 375 பவுண்டு அபராதமும் இரண்டு மாதத் தடையும் விதித்தது.

சம்பளம்?

பிரீமியர் லீக்கில் மூன்றாமவர்கூட வசதியாகவே வாழ்வார். நான்காம் டிவிஷனில் வாராவாரம் ஆடும் முதலாமவரை விட இவர் கை பெரும்பாலும் கனமாக இருக்கும். தங்கிவிடுபவர்களை நாம் ரொம்பவும் பரிதாபமாகப் பார்க்கத் தேவையில்லை.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள்?

பலர் பயிற்சியாளர்களாகிறார்கள். வருடக்கணக்கில் ஆட்டத்தை ஓரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது இயல்பாக வருகிறது. ரைட் சிட்டியிலேயே கோல்கீப்பர் பயிற்சியாளரானார். மான்செஸ்டர் யுனைடெட்டில் நான்கு வருடத்தில் இரண்டு ஆட்டம் ஆடிய லீ கிராண்ட் இப்ஸ்விச்சில் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்து, 2025-இல் ஹடர்ஸ்ஃபீல்டு மேலாளரானார். வுல்வ்ஸ் உட்படப் பல இங்கிலாந்து கிளப்புகளை நடத்திய நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ, 2004-இல் போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக் வென்றபோது விட்டோர் பயாவுக்கு அடுத்த கோல்கீப்பர். அந்த அணியின் மேலாளர் ஜோசே மொரின்யோ. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே ஒரு படிப்புதான்.